உயிரோடு இருந்த மாமாவுக்குக் கடை சாத்திய கதை

மாமனாரோடு சண்டை போட்ட மருமகன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாமனார் வீட்டிலேயே உட்கார்ந்து தின்று தீர்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே மாமனாரைச் சாகடித்து, ஊரைக் கூட்டி, கடைகளை அடைக்க வைத்து, பிறகு அவரிடமே போய்ப் பெண் கேட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். (பொண்ணும் குடுத்தாரு. அதுதான் எனக்கே இன்னும் புரியல.)

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்டிருந்த காலம் அது. அங்கிருந்து பதுளைக்குச் சரக்கெல்லாம் மாட்டு வண்டியில்தான் வரும். கடைத்தெருவில் என் தாய்மாமா அருணாசலம் பிள்ளைக்குப் பெரிய மளிகைக் கடை. முன்னால் கடை, பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கி, மேல்மாடியில் வீடு. பசறை, ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கங்காணிமார் அரிசிக்கும் மிளகாய்க்கும் கருவாட்டுக்கும் அவரிடம்தான் வருவார்கள். அந்தக் கடையில் மூட்டையும் தூக்காமல், கணக்கும் எழுதாமல், இரண்டுக்கும் நடுவில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தவன் நான்.

மாமா மகள் பொன்னம்மா எனக்குத்தான் என்று அவள் பிறந்தபோதே பேச்சு. எங்கள் இருவருக்கும் அதில் மறுப்பில்லை. மாமாதான் கல்யாணப் பேச்சு எடுத்தாலே ஒரே பல்லவியைப் பாடுவார்.

"சம்முகம், கோட்டுப் போட்டுக்கிட்டுப் போற மாதிரி ஒரு உத்தியோகம் வாங்கிட்டு வா. தாலியப் பத்தி அப்புறம் பேசலாம்."

கோட்டு, ஊர் நிர்வாகம் பார்த்த லோக்கல் போர்டு ரூபத்தில் வந்தது. பட்டணத்தில் பள்ளிக்கூடம் போகாமல் திரியும் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து வகுப்பில் உட்கார வைக்கும் பொறுப்பை ஊரிலுள்ள ஏதாவது ஒரு சங்கத்திடம் கொடுக்கப்போவதாகப் போர்டு அறிவித்தது. தேர்வாகும் சங்கம் தன் ஆள் ஒருவரை மேற்பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த ஆள் கோட்டுப் போட்டுக்கொள்ளலாம். என் கல்யாணமே போர்டின் மேசைமேல் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

எங்களிடமும் ஒரு சங்கம் இருந்தது. கடைத்தெரு வாலிபர் சங்கம். தலைவர் மாமா. (அறுபது தாண்டிட்டா வாலிபர் இல்லன்னு யாரு சொன்னது?) செயலாளர் நான். தைப்பூசத்துக்குப் பானகம் ஊற்றுவதும், அந்தப் பானகத்தில் வெல்லம் குறைந்தது யாரால் என்று அடுத்த தைப்பூசம் வரை சண்டை போடுவதும் சங்கத்தின் பணிகள். எங்களோடு போட்டிக்கு மிஷன் தையல் வகுப்பு அம்மாமாரும், மதுவிலக்குக்காரர்களும் நின்றார்கள். ஆளுக்கொரு நாள் காலையில் செய்து காட்டுங்கள், பார்த்து முடிவு செய்கிறோம் என்றது போர்டு.

அம்மாமார் தங்கள் முறையில் இனிப்பு ரொட்டியான பணிஸ் கொடுத்தார்கள். பிள்ளைகள் வந்து தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். மதுவிலக்குக்காரர்கள் கள்ளின் தீமையைப் பற்றிப் பேசினார்கள். வந்திருந்த இரண்டு பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள். ஆகவே பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது என்று நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

சங்கக் கூட்டம் கடையின் உள்ளறையில் கூடியது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இத்தன புள்ளைங்க பள்ளிக்கூடம் வராம எங்கதான் போய் ஒளியுதுங்க? நம்ம ஊரு புள்ளைங்க இப்பிடி வீணாப் போகலாமா?" என்று உருக்கமாகக் கேட்டார். கடைக்காரர்கள் அனைவரும் தலையாட்டி வருந்தினார்கள். பின்னால் கிட்டங்கியிலிருந்து யாரோ வரிசையாகத் தும்மினார்கள். மிளகாய் கிடக்கும் இடத்தில் தும்மல் சகஜம் என்பதால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"வழிய நான் பாத்துக்கிறேன் மாமா," என்றேன்.

வழி எனக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது. அதற்கு முந்தின மாதம் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கங்காணி வீட்டில் ஒரு ராத்திரி தங்க நேர்ந்தது. விடியும் முன்பே தப்பு மேளச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கதவுகள் எல்லாம் திறந்தன. ஆணும் பெண்ணும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு நடந்து, பேர் கூப்பிடுவதற்கு முன்பே வரிசையில் நின்றார்கள். ஒரு தப்பு இத்தனை பேரை எழுப்பி வரிசையில் நிறுத்தும் என்றால், பதுளைப் பிள்ளைகள் எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்த வரிசையில் நின்றவர்கள் எவ்வளவு தூக்கத்தோடும் எவ்வளவு பயத்தோடும் நின்றார்கள் என்பது அப்போது என் கண்ணில் படவில்லை. வரிசை நேராக இருந்தது மட்டும்தான் பட்டது.

தப்படித்த வீரமுத்துவையே போய்ப் பார்த்துக் கேட்டேன்.

"டவுன்ல அடிக்கிறதாங்க?" என்று அவர் யோசித்தார்.

"ஏன் அண்ணே, தப்பா நெனைச்சுக்குவாங்களா?"

"அதெப்பிடி நெனைப்பாங்க? சாவுக்கு அடிக்கிற அடி வேற, பெரட்டுக்கு அடிக்கிற அடி வேற. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே தம்பி."

தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்குத் தெரியும். கடைத்தெருவில் பெரட்டு ஏது? அங்கே தப்பு ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் கோட்டு ஆசை பிடித்தவன் மூளையில் அது வந்து சேர வழியில்லை. மாமாவும் போர்டுத் துரைமாரும் அசந்துபோக வேண்டும் என்று, தப்பு விஷயத்தை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

எங்கள் முறை வந்த காலையில் நான் இன்னும் இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். துரைமாருக்குப் போட ஒரு கூடை பூமாலை வரவழைத்தேன். இரண்டு நாளாக இருமலில் கிடந்து கல்லாவுக்கே வராமல் இருந்த மாமாவை மினுக்கிக் காட்டவேண்டும் என்று நாவிதரை மேல்மாடிக்கு அனுப்பினேன்.

இப்போது எதிர்க்கடைக்காரர் கண்ணோடு பாருங்கள். இரண்டு நாளாக மனிதரைக் காணோம். விடிந்ததும் நாவிதர் அவசரமாகப் படியேறுகிறார். கூடை நிறைய மாலை வருகிறது. வாசலில் தப்பு முழங்குகிறது. தப்புக்குப் பக்கத்தில் மருமகன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடியாடி வேலை செய்கிறான்.

எதிர்க்கடை ராமசாமி அண்ணாச்சி தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல வந்தார்.

"எப்ப தம்பி?"

"இப்பத்தாங்க அண்ணாச்சி."

"எல்லாருக்கும் சொல்லியாச்சா?"

"அதுக்குத்தான தப்பு? துரைமாருங்க வந்ததும் ஊர்வலம் கெளம்பிரும்."

"துரைமாரே வர்றாங்களா!" என்று அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து, நம் சங்கத்தின் மேல் இவருக்கு இவ்வளவு பற்றா என்று எனக்கும் நெஞ்சு இளகியது.

அவர் திரும்பிப் போய்த் தன் கடைப் பலகைகளைப் போட ஆரம்பித்தார். அடுத்த கடைக்காரர் பார்த்தார், போட்டார். கடைத்தெருவில் ஒரு முதலாளி கண்ணை மூடினால் எல்லாக் கடையும் சாத்தவேண்டும் என்பது வழக்கம். டக் டக்கென்று பலகைச் சத்தம் தெருக்கோடி வரை போனது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக்கொடுத்தவர்களில் மாமாவும் ஒருவர். ஆகவே வாத்தியாரும் மணியடித்து விடுமுறை விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்க்கவேண்டிய நான், உள்ளே இருந்த பிள்ளைகளையும் வெளியே கொண்டுவந்து விட்டேன்.

சரியாக அந்த நேரத்தில் துரையும் போர்டு அங்கத்தவர் இருவரும், மொழிபெயர்க்க ஒரு முதலியாரும் வந்து இறங்கினார்கள்.

பிறகு நடந்ததைத்தான் நான் இன்னும் கனவில் பார்க்கிறேன். கடை சாத்தினால் கிட்டங்கியில் வேலை ஏது? ஒவ்வொரு கடையின் பக்கவாட்டுச் சந்திலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ரொட்டிக் கடையிலிருந்து தலை முதல் கால் வரை மாவோடு வந்தார்கள். புண்ணாக்குக் கடையிலிருந்து வந்தார்கள். அண்ணாச்சி கடையிலிருந்து வெங்காயச் சருகு ஒட்டிய தலையோடு வந்தார்கள். எல்லோருக்கும் மேலாக எங்கள் கிட்டங்கியிலிருந்து, சிவந்த கண்ணில் நீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு பட்டாளமே வந்தது. சங்கம் தேடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சங்கத்தின் கடைகளுக்குள்தான் இருந்தார்கள்!

அவர்களை நான் தினமும் பார்த்தவன். ஆனால் 'திரியும் பிள்ளைகள்' என்றால் எங்கேயோ திரிகிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் பிள்ளைகள் திரியவில்லையே, குந்திய இடத்தைவிட்டு எழும்பாமல் வேலைதானே செய்தார்கள்!

மாலைகளையும் அழுகிற பிள்ளைகளையும் பார்த்த துரை தொப்பியைக் கழற்றிவிட்டார். முதலியார் முன்னால் நின்ற ஒரு சிறுமியிடம் குனிந்தார். அவள் பெயர் அஞ்சலை.

"அழாதம்மா. மொதலாளி ரொம்ப நல்லவரா?"

"மொளகாங்க," என்றாள் அவள்.

"என்னது?"

"மொளகாக் காம்பு கிள்ளுறோங்க. கண்ணு எரியுது. அதான்."

"பள்ளிக்கூடம் போறதில்லையா?"

"மூட்ட தீரலீங்களே."

அந்த நேரத்தில் மேல்மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்தில் நுரையோடு மாமாவின் தலை வெளியே வந்தது.

"எவன்டா செத்தது?"

தெருவே அலறியது. அண்ணாச்சி தன் கடைப் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார். வீரமுத்து தப்பை நிறுத்தாமல், "பெரட்டுத்தாங்க! பெரட்டுத்தாங்க!" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். அத்தனை கூச்சலிலும் மாமாவின் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பொன்னம்மா.

துரை பிள்ளைகளைப் பார்த்தார். சாத்தியிருந்த கடைகளைப் பார்த்தார். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு இரண்டு வார்த்தை சொன்னார். முதலியார் அதைத் தமிழில் சொன்னபோது அவருக்கே கூச்சமாக இருந்தது.

"பிள்ளைங்க எங்கே இருக்காங்கன்னு உங்க சங்கத்துக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாதாம். ஒளிச்சு வச்சவங்களாச்சே, அப்படீங்கிறார்."

பொறுப்பு மிஷன் அம்மாமாருக்குப் போனது. என் கோட்டும் அதோடு போனது.

சாயங்காலம் மாமா என்னைக் கிட்டங்கிக்குக் கூப்பிட்டார். அடி நிச்சயம் என்று முதுகைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். மறு கன்னம் இன்னும் மழிக்கப்படவில்லை.

"கட எல்லாம் சாத்துனாங்கல்ல?"

"ஆமா மாமா."

"ரொட்டிக்கடைக்காரனுமா? போன மாசம் என்னோட சண்ட போட்டான்."

"அவருந்தான் மாமா."

கொஞ்சம் பெருமையாகத் தலையசைத்தார்.

"மொதல்ல ஜன்னல் இடுக்கு வழியா பாத்தேன்டா. புள்ளைங்க எல்லாம் அழுதுக்கிட்டு நின்னுச்சுங்க. நமக்காக இத்தன புள்ளைங்க அழுவுதேன்னு நாவிதன் துண்டால கண்ணத் தொடச்சுக்கிட்டேன். அப்புறந்தான் அந்தப் புள்ள சொன்னது காதுல விழுந்துச்சு." ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். "மனுசன் சாவுக்கு வர்ற கண்ணீரு மொளகாயினால வரக்கூடாதுடா சம்முகம்."

எனக்கு அழுகை வந்தது. மிளகாய் பக்கத்தில் இருந்ததால் வெளியே தெரியவில்லை.

மறுநாள் பிள்ளைகளை அவரே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டார். காம்பு கிள்ளும் வேலையை அவர்களுடைய தாய்மாருக்குக் கொடுத்து, கூலியையும் கூட்டினார். மிச்ச மூட்டைகளை எனக்குக் கொடுத்தார். அந்த மழைக்காலம் முழுவதும் நான் தும்மினேன். பொன்னம்மா மாடிப்படியில் நின்று, "தப்படிச்சாத்தான் சாப்பிட வருவீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓடுவாள். மற்றக் கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் தலைவரே அனுப்பிய பிறகு அவர்களும் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை அனுப்ப வேண்டியதாயிற்று.

அடுத்த தை மாதம் எங்கள் கல்யாணம். கோட்டு இல்லாமலே! தாரை வார்க்கும்போது மாமா சபை கேட்கச் சொன்னார்: "என்னையவே மாலையும் தப்புமா வழியனுப்பி வச்ச மருமகன். எம்பொண்ண நல்லாப் பாத்துக்கமாட்டானா?" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு என்ன துக்கச் செய்தி வந்தாலும், "மாடியில போய்ப் பாத்தாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். என் பிள்ளைகள் கேட்கிறார்கள். சம்பந்தி வீட்டார்கூடக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ரயில் பதுளைக்கு வந்த மறுவருஷம் மாமா நிஜமாகவே போய்விட்டார். நான் சொல்லியனுப்ப, வயதான வீரமுத்துவே வந்து வாசலில் தப்படித்தார். இந்தத் தடவை சாவுக்கு அடிக்கும் அடி. ஒரு கடைகூடச் சாத்தவில்லை. ராமசாமி அண்ணாச்சி இருந்த இடத்திலிருந்தே சிரித்துக்கொண்டு, "என்ன தம்பி, மறுபடியும் பெரட்டா?" என்றார். நான் கடை கடையாக ஏறி இறங்கி, "நெசந்தாங்க, மாமா போயிட்டாரு," என்று சொல்லவேண்டியிருந்தது. மூன்றாவது கடையில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அண்ணாச்சி எழுந்து முதல் பலகையைப் போட்டார்.

பலகைகள் தெருக்கோடி வரை விழுந்தன. சந்துகளை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பிள்ளையும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது. அந்தப் பக்கமிருந்து பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தன் மகனைக் கையில் பிடித்தபடி அஞ்சலை வந்தாள். யாரும் தப்படித்து நிறுத்தாமலே வரிசையாக வந்து வாசலில் நின்றார்கள். அவள் மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பொன்னம்மா என் காதருகே வந்து, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்.

"அப்பாகிட்ட சொல்லுங்க. இது மொளகா இல்லன்னு."