பிசின் அக்காவின் பங்காளிக் கதை

ஒரகடம் சாலையில் உங்களை முந்திக்கொண்டு போகிற காரின் கதவில் உங்கள் முகம் பளிச்சென்று தெரிகிறதா? அந்தப் பெருமை அதைச் செய்த கம்பெனிக்கும் இல்லை, பெயின்ட் அடித்த ரோபோவுக்கும் இல்லை. பிசின் அக்காவுக்கே சேரும். இதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன். யாரும் மேடை தராததால் இங்கே சொல்கிறேன்.

விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து, ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டாக் யார்டு சூப்பர்வைசராக நான் சேர்ந்த புதிது. புதுக் கார்கள் லாரி ஏறும்வரை எங்கள் பொறுப்பு. கழுவுகிற ஷெட்டில் அக்கா. மணிமங்கலத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மரத்துப் பிசின் சொட்டி இறுகிப்போன கார் எதுவானாலும் அவர் கைக்குத்தான் போகும்.

சூடான காரை அக்கா தொடவே மாட்டார். ஆறிவிட்டதா என்று கையால் பார்ப்பதும் கிடையாது. பானெட்டின் மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். புதிதாக வந்த மேனேஜர் முதல் நாளே அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, பொம்பளை மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஸ்ட்ரெச்சருக்கு ஆள் அனுப்பிவிட்டார். அக்கா கண்ணைத் திறக்காமலே, "சத்தம் போடாதீங்க சார், சூடு பாத்துக்கினு கீறேன்" என்றார். ஸ்ட்ரெச்சர் வந்த வழியே திரும்பிப் போனது.

கார் ஆறியதும் சோப்புத் தண்ணீரில் கழுவி, மெத்தென்ற துணியை ஸ்பிரிட்டில் நனைத்துப் பிசின் மேல் போடுவார். தேய்க்கக் கூடாது, சுரண்டக் கூடாது. துணி ஊற வேண்டும். எவ்வளவு நேரம்? அங்கேதான் சங்கடம். பெயின்ட்டில் கீறல் விழும் என்று வாட்ச், வளையல், மோதிரம் எதையும் யார்டுக்குள் விட மாட்டார்கள். அதனால் அக்கா கதை சொல்லி நேரம் பார்ப்பார். சின்னச் சொட்டுக்கு நாத்தனார் கதை. பெரிய சொட்டுக்கு மாமியார் கதை. கல்லாக இறுகிய பிசினுக்கு, வேலியைத் தள்ளிப் போட்ட பங்காளியின் கதை. பிசின் இளகிய நொடியில் துணி மேலே, கதை கீழே. பங்காளி கடைசியில் என்ன ஆனான் என்று அந்த யார்டில் ஒருத்தருக்கும் தெரியாது. மண்டை காய்ந்துவிடும்!

ஒரு காலை, எங்கள் ஷேர் ஆட்டோவின் கண்ணாடிச் சட்டத்தில் பிசினைப் பார்த்துவிட்டார். படப்பையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பையிலிருந்து துணியை எடுத்தார். ஷிப்டுக்கு நேரமாகிறதென்று முணுமுணுத்தவர்களெல்லாம், நாத்தனார் நகையைத் தூக்கிக்கொண்டு போன இடம் வந்ததும் கப்சிப். டிரைவர் மட்டும், இன்னொரு சொட்டு இருக்கிறதா என்று வண்டியைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தார்.

இனி என் முட்டாள்தனம். அக்னி நட்சத்திர வெயில். எங்கள் ஊரில் சைக்கிளைக்கூட வெயிலில் விட மனசு வராது. பன்னிரண்டு வெள்ளைக் கார்கள் பொட்டலில் காய்வதைப் பார்த்துப் பாவப்பட்டு, வேலியோரத் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் வரிசையாக நிறுத்தி வைத்தேன். யாரும் சொல்லாமல் நானே செய்தேன் என்ற பெருமை வேறு. நான்கு நாள் கழித்துப் போனால், பன்னிரண்டுக்கும் அம்மை போட்டிருந்தது. வெயில் நகர்ந்து நகர்ந்து பிசினைச் சுட்டு இறுக்கியிருந்தது. அன்று மூன்று மணிக்குக் கார்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட இன்ஸ்பெக்டர் வருகிறார். என்னை பர்மனென்ட் ஆக்குகிற கடிதமோ மேனேஜர் மேஜையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.

"எக்கா, எம் வேல போயிருச்சு" என்றேன். அழுதேவிட்டேன்.

மேனேஜர் தின்னர் டப்பாவோடு வந்தார். தின்னர் பட்டால் பிசினோடு பெயின்ட்டும் போகும். அக்கா முதல் காரின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"என் கைய தாண்டி இத ஊத்து சார். வண்டி கொதிச்சிக்கினு கீது. ஷெட்டுக்குத் தள்ளு. ஆறட்டும்."

இருந்ததே மூன்று மணி நேரம். அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் நடந்த நடையில் படப்பைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். அக்கா பன்னிரண்டு பானெட்டிலும் கன்னம் வைத்துவிட்டு, கழுவச் சொன்னார். பிறகு கேன்டீன்காரர், செக்யூரிட்டி, லாரி டிரைவர்கள், மேனேஜர் உட்பட எல்லார் கையிலும் ஸ்பிரிட் துணியைக் கொடுத்து, ஆளுக்கொரு இடத்தில் நிறுத்தினார். நடுவில் நின்று பங்காளிக் கதையை ஆரம்பித்தார். துணி காயக் காய நனைத்துக்கொண்டோம். ஒரு கார் முடிந்து அடுத்த காருக்குப் போகும்போது கதை மறுபடி வேலியிலிருந்து தொடங்கும். ஒருத்தரும் அலுத்துக்கொள்ளவில்லை.

கடைசிக் காரில் இருக்கும்போது, முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றார். அக்கா திரும்பிப் பார்த்து, "இன்னா வேடிக்க பாத்துக்கினு? அந்தக் கதவாண்ட ஆளில்ல, துணியப் புடி" என்றார். அவரும் பிடித்தார். மேனேஜருக்கு முகம் வெளுத்துப்போனது. வந்தவர் இன்ஸ்பெக்டர்.

அக்கா சொன்னதும் துணியை எடுத்தோம். பிசின் துணியோடு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் குனிந்து, கதவில் விரலை ஓட்டி, பன்னிரண்டு கார்களையும் சுற்றி வந்தார். நான் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஒரு கீறல்கூட இல்லையே என்றபடி கையெழுத்துப் போட்டவர், போகாமல் நின்றார்.

"அம்மா, அப்புறம் அந்தப் பங்காளி என்ன பண்ணான்?"

"பிசின் போச்சில்ல சார். அவ்ளோதான் கதை."

சாயங்காலம் மேனேஜர் என் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார். அவர் விரலில் ஸ்பிரிட் வாசனை போகவில்லை.

இப்போது எனக்கே ஒரு கார் இருக்கிறது. படப்பையில் குடியிருக்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் கார்ப் பிசினைச் சுரண்டக் கத்தியோடு கிளம்பினார். ஓடிப்போய்த் தடுத்தேன். பானெட்டில் கன்னத்தை வைத்தேன். ஆறியதும் கழுவித் துணியைப் போட்டேன். கதை சொல்ல எனக்கு நாத்தனாரும் இல்லை, பங்காளியும் இல்லை. மணிமங்கலத்திலிருந்து ஒரு அக்கா வருவார் என்று ஆரம்பித்தேன். பிசின் எப்போதோ இளகிவிட்டது. நான்தான் துணியை எடுக்கவில்லை.