தாழ்ப்பாள் இல்லாத தத்துவம்

தச்சர் ஒரு பெரிய முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் வீட்டில் எந்தச் சாமானையும் பழுது பார்ப்பதில்லை. எல்லாவற்றிலும் கடவுளை மட்டும்தான் பார்ப்பது.

அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வட்டாரத்தில் பாதிக் கதவு அவர் மாட்டியதுதான். விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் திறக்கும். அதெல்லாம் அடுத்தவர் வீட்டில். சொந்த வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு ஒரு கால் நொண்டி. சமையலறை ஜன்னல் திறக்கவே திறக்காது. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. உள்ளே போகிறவர் வெளியே வரும்வரை விடாமல் பாட வேண்டும். பாட்டு நின்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். அந்த வீட்டுச் சட்டம் அது.

மனைவி பேக்கரியில் வேலை பார்ப்பவள். வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் ரொட்டியா பிஸ்கட்டா என்று சொல்லிவிடுவாள். புருஷன் வாயைத் திறப்பதற்குள் என்ன பொய் என்றும் சொல்லிவிடுவாள். தாழ்ப்பாளை அவளே வாங்கி வைத்துப் பல மாதம் ஆகிறது. "இந்த ஞாயித்துக்கிழமையாவது மாட்டுங்க" என்று கெஞ்சியும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கேரம் இறுதி ஆட்டம். தச்சரும் மாடி வீட்டு டெய்லரும் ஜோடி. வருஷா வருஷம் அரையிறுதியில் மண்ணைக் கவ்விய ஜோடி இப்போதுதான் தலை நிமிர்ந்திருக்கிறது. அன்றைக்குப் பார்த்துக் கையில் ஸ்க்ரூ டிரைவரைத் திணித்தால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

வழி காட்டியது ரேடியோ. யாரோ வீட்டில் அலமாரி மாட்டிக்கொண்டிருந்தபோது அதில் ஒருவர் பேசினார். "கடவுளைத் தேடி எங்கும் அலையாதீர்கள். உங்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு பாடம் சொல்கிறது."

தச்சர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை நாள் இந்த மனுஷன் எங்கே இருந்தார்!

அன்று சாயங்காலமே பிரசங்கம் ஆரம்பம்.

"என்னங்க, மேசை ஆடி டீ கொட்டிடுச்சு."

"ஆடட்டும். உலகத்துல எது நிலையா நிக்குது? கடவுள் மேசை வழியா அதைத்தான் சொல்றார்."

"ஓஹோ. அப்ப ஜன்னல்?"

"வெளிய பார்க்காதே, உனக்குள்ள பாருங்கறார்."

"பாத்ரூம் கதவு?"

தச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "கடவுளுக்கு முன்னாடி மறைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?"

சண்டைக்குத் தயாராகக் காத்திருந்தார். வரவில்லை.

"அடடா! இது தெரியாம இத்தனை நாளா கத்திட்டேனே. இவ்வளவு பெரிய ஆளை வீட்டுல வச்சுக்கிட்டு!"

அங்கேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் புகழ்ச்சி காதில் விழுந்தால் மூளைக்கு விடுமுறை விட்டுவிடும் ஆள் அவர்.

சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்தில் டெய்லரைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிக்கொண்டது. ஞாயிறு காலை குளிக்கப் போனவருக்குப் பாட்டு வரவில்லை, காற்றுதான் வந்தது. சட்டத்தை மீறக் கூடாதே என்று மக்கால் வாளியைத் தட்டிக்கொண்டே குளித்தார். முகமெல்லாம் சோப்பு. அப்போதுதான் ஹாலில் பெண்கள் சிரிப்பு கேட்டது. ஒன்று இரண்டு இல்லை, ஒரு கூட்டமே சிரித்தது.

"வாங்க, வாங்க!" மனைவியின் குரல். "என்னங்க! பேக்கரியில இருந்து எல்லாரும் வந்திருக்காங்க! உங்க பாடத்தையெல்லாம் நேர்ல பார்க்கணுமாம்!"

தச்சர் கையில் மக் அப்படியே நின்றது.

"இதுதான் ஆடுற மேசை. அதுதான் திறக்காத ஜன்னல். அடுத்து பாத்ரூம் கதவு. இருக்கறதுலயே பெரிய பாடம் இதுலதான்..."

ஒரே தாவல். தச்சர் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

"ஏய்! திறக்காதே! நான் உள்ள இருக்கேன்!" தொண்டையில் தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம்.

"இருந்தா என்னங்க? கடவுளுக்கு முன்னாடி மறைக்க என்ன இருக்குன்னு நீங்கதானே..."

"கடவுளுக்கு முன்னாடி இல்லதான்! பேக்கரிக்கு முன்னாடி நிறைய இருக்கு!"

"பாவம், ஆசையா வந்திருக்காங்க. ஒரே ஒரு தடவை..."

"அம்மா தாயே! அந்தத் தாழ்ப்பாளைக் கொடு! இப்பவே மாட்டிடறேன்!"

"தாழ்ப்பாள் மட்டும்தானா?"

"மேசையும்!"

"ஜன்னல்?"

"ஜன்னலும்! எல்லாமும்!"

கதவுக்கு அடியில் தாழ்ப்பாள் வந்தது. பின்னாலேயே திருகாணிகள், ஸ்க்ரூ டிரைவர். எல்லாம் கையிலேயே வைத்திருந்தாள் போலிருக்கிறது. ஏன் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. இடுப்பில் துண்டு, கண்ணில் சோப்பு, தோள் கதவில். அவர் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஒரு தாழ்ப்பாளை மாட்டியதே இல்லை.

பாதி வேலையில் வாசலில் டெய்லர். "அண்ணே! ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது!"

"அவர் இப்ப கடவுளோட இருக்கார் தம்பி," என்றாள் மனைவி.

தச்சர் உள்ளிருந்து கத்திப் பார்த்தார். தவளைகூட அதைவிட நன்றாகக் கத்தும்.

"சரி அண்ணி, தொந்தரவு பண்ணல. பால்காரரைச் சேர்த்துக்கறேன்."

பால்காரருக்கு ஸ்ட்ரைக்கர் எது, காய் எது என்றே தெரியாது. தச்சர் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டார். பிறகு கடைசித் திருகாணியை முடுக்கித் தாழ்ப்பாளை இழுத்தார். க்ளக்.

அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு ஆள் பாடாமல், தட்டாமல், பயப்படாமல் குளியலறையில் நின்றார். அப்படியே வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். தாழ்ப்பாள் பளபளவென்று நேராக நின்றது. உண்மையைச் சொன்னால், கடவுள் அந்த நிமிஷம் அங்கேதான் இருந்தார் என்று தோன்றியது. கண்கூடக் கலங்கியது. சோப்பும் ஒரு காரணம்.

"முடிஞ்சுதாங்க? ஹால்ல காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க வந்து ஒரு மணி நேரமாவது பேசணுமாம்."

"என் தொண்டையைப் பார்த்தியா? எப்படியாவது காப்பாத்து!"

"அப்ப பின்வாசல் வழியா போயிடுங்க. மேசையைப் பின்னாடி போட்டு வச்சிருக்கேன். வேலையா இருக்கார்னு சமாளிக்கறேன்."

கைலியைக் கட்டிக்கொண்டு திருடன் மாதிரிப் பின்பக்கம் போனார். மேசைக் காலைச் சீவி ஒட்டினார். கொஞ்சம் கை ஓய்ந்தால் போதும், ஹாலில் கைதட்டல் கேட்கும். மனைவி எட்டிப் பார்ப்பாள். "நாங்களே பின்னாடி வரட்டுமான்னு கேக்கறாங்க." உடனே கை பறக்கும்.

கடைசியாக ஜன்னல். வெளிப்பக்கமிருந்து சட்டத்தை இழைத்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, மெல்ல இழுத்தார். திறந்துகொண்டது. சமையலறையைத் தாண்டி ஹால்வரை பளிச்சென்று தெரிந்தது.

ஹாலில் டிவி முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மேடை நிறையப் பெண்கள் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே நாற்காலியில் காலை நீட்டி மனைவி மட்டும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

தச்சர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எங்க அவங்கல்லாம்?"

அவள் திரும்பக்கூட இல்லை.

"அவங்களும் கடவுள் மாதிரிதாங்க. கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. இருக்காங்கன்னு நம்பினீங்கல்ல, எல்லாம் நல்லபடியா நடந்துச்சு பாருங்க."