கான்ஃபிடன்ஸ் இருக்குங்க

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் எல்லாம் காட்டெருமையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அது கண்ணில் படலாம், படாமலும் போகலாம். ஆனால் அதைவிட நிதானமான, நடுரோட்டில் நின்றுவிட்டால் அதைவிட நகர்த்தக் கடினமான இன்னொரு பிராணி இந்த மலையில் உண்டு. அதற்கு டெலஸ்கோப் வேண்டாம், டிக்கெட் வேண்டாம். மூஞ்சிக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கி, எதிரே வருகிறவரிடம் மழை வருமா என்று கேளுங்கள். வரும் என்றோ வராது என்றோ சொன்னால் அவர் சாதாரண மனிதர், விட்டுவிடுங்கள். வானத்தை ஒரு முறை பார்த்து, குரங்குக் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்து, “சான்ஸ் இருக்கு” என்கிறாரா? அவர்தான்.

மழை பெய்தாலும் அவர் சொன்னது சரி. பெய்யாவிட்டாலும் சரி. எப்படி வசதி பாருங்கள்.

இவரைக் கான்ஃபிடன்ஸ்காரர் என்று வைத்துக்கொள்வோம். எதையும் நம்பாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள், ஏராளமாக நம்புவார். ‘நம்புறேன்’ என்ற ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வராது. குற்றம் தமிழ் இலக்கணத்தின் மேல். ‘நம்புறேன்’ என்று சொல்லி முடிப்பதற்குள் கடைசியில் ஓர் ‘ஏன்’ ஓடிவந்து உட்கார்ந்துகொள்கிறது. நம்பியது யார்? நானேதான். இனி தப்பிக்க வழி கிடையாது. அதற்குப் பதிலாக ஓர் இங்கிலீஷ் பெயர்ச்சொல்லை இழுத்துப் போட்டு, பின்னால் ‘இருக்கு’ என்று முட்டுக் கொடுத்துவிட்டால்? கான்ஃபிடன்ஸ் இருக்கு. எங்கே இருக்கு, யாரிடம் இருக்கு? மூலையில் உருளைக்கிழங்கு மூட்டை இருப்பதுபோல் அதுபாட்டுக்கு இருக்கிறது. நாளைக்கு அழுகினால் மூட்டைதான் அழுகும், அவருக்கு ஒன்றும் ஆகாது.

நம்பிக்கை இருக்கு என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். சொல்லலாம்தான். ஆனால் நம்பிக்கைத் துரோகம் என்று ஒன்று உண்டு. கான்ஃபிடன்ஸ் துரோகம் என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா? தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் வழக்கும் வம்பும் வரும். இங்கிலீஷ் சொல் ஒண்டிக்கட்டை. வந்த சுவடு தெரியாமல் போய்விடும்.

அதிலும் எந்தச் சொல்லுக்கு எந்த வால் என்று இவர்களுக்குள் ஒரு முறை இருக்கிறது. டவுட் என்றால் அது அடிக்கும். “லேசா டவுட்டு அடிக்குதே” என்பார், ஏதோ குளிர்காற்று அடிப்பதுபோல. ஐடியா ஓடும். ஃபீலிங் வரும், அதுவும் தானாக வரும், இவர் கூப்பிட்டு வருவதில்லை. ஒப்பீனியன் இவருடையதாக இருக்கவே இருக்காது, “ஜெனரல் ஒப்பீனியன்” என்று ஊர் தலையில் ஏற்றிவிடுவார். கேரண்டி மட்டும் கொடுக்க முடியாது.

பக்கத்துப் பள்ளங்கி கிராமத்துச் சண்முகராஜ் இந்த வகையில் முதல் தரம். பூண்டும் கேரட்டும் போடுகிற கொஞ்சம் நிலம், ஒரு ஜீப், மனைவி புவனா, மகள் ஜோதிமணி. பெண் பார்க்க வந்த அன்று தன்னைப் பிடித்திருந்ததா என்று புவனா கல்யாணமான புதிதில் ஆசையாகக் கேட்டதற்கு, “நல்ல இம்ப்ரஷன் இருந்துச்சு” என்று பதில் சொன்னவர். பழநி மலையில் முருகன் முன்னால் கண்ணை மூடி நின்றபோதும், “உம்மேல ஹோப் இருக்கப்பா” என்றுதான் முணுமுணுத்தார். புவனாவுக்குத் தாங்கவில்லை. சாமியிடமாவது நம்புறேன் என்று சொல்லக்கூடாதா என்று படி இறங்கும்போது கேட்டாள்.

“சொல்லிப்புட்டு, நடக்கலேன்னு வையி. சாமிக்குல்ல சங்கடம்” என்றார்.

இப்படிப்பட்டவருக்கும் சோதனைக் காலம் வரும். அது வாடகைக்கு ஜீப் கேட்டு வந்தது.

கண்ணில் புரை விழுந்ததிலிருந்து சண்முகராஜ் ஜீப் ஓட்டுவதில்லை. செல்வமுருகன் என்று ஒருவனை வைத்திருந்தார். அவன் பூண்டு மூட்டை இறக்கும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டோடு வீட்டில் கிடந்தான். ஜோதிமணிக்கு ஓட்டத் தெரியும். சொல்லிக்கொடுத்ததே சண்முகராஜ்தான். பள்ளங்கிச் சரிவில் மேலும் கீழுமாக அவளை விரட்டி விரட்டிப் பழக்கினார். முதுகு முறிகிற திருப்பத்தை அவள் ஒரே மூச்சில் ஒடித்து ஏற்றியபோது உள்ளுக்குள் நெஞ்சு விம்மியது. வெளியே வந்தது “இம்ப்ரூவ்மெண்ட் இருக்கு” என்பதுதான். அவள் லைசென்ஸ் வாங்கி வந்து காட்டினாள். அதையும் கண்ணருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, போட்டோவில் நல்ல கிளாரிட்டி இருக்கு என்றார்.

இதற்கிடையில் திண்டுக்கல்லில் இருக்கிற மாமா, ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலைக்கு அவளைச் சொல்லி வைத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். ஜோதிமணி இதைப் பற்றி அப்பாவிடம் ஒரே முறை பேசினாள். ஜீப்பைத் தன்னிடம் கொடுத்தால் இங்கேயே இருப்பதாகவும், இல்லையென்றால் போவதாகவும் சொன்னாள். போகாதே என்று கத்த வேண்டும்போல இருந்தது சண்முகராஜுக்கு. இதில் ரெண்டு ஆப்ஷன் இருக்கு என்று சொல்லிவிட்டுக் கேரட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

சனிக்கிழமை வெள்ளனே, மூஞ்சிக்கல் ஜீப் ஸ்டாண்டில் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. தாண்டிக்குடியில் காதுகுத்து, அங்கே போக ஜீப் வேண்டும். சீசன் கூட்டத்தில் மற்ற வண்டிகளெல்லாம் ஏற்கெனவே கிளம்பிவிட்டன. நின்றது சண்முகராஜின் ஜீப் ஒன்றுதான். ஓட்ட வேறு ஆள் இல்லாததால் அதன் ஸ்டியரிங்கில் ஜோதிமணி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் சண்முகராஜ் நின்றிருந்தார். குடும்பத்துக்குத் தலைவி இருளாயி என்கிற அம்மாள். சீர்த்தட்டை இடுப்பில் இடுக்கியபடி ஜீப்பைச் சுற்றி ஒரு வலம் வந்தார், டயரை மிதித்துப் பார்த்தார், பிறகு ஜோதிமணியைப் பார்த்தார்.

“ஏண்ணே, இந்தப் புள்ளயா ஓட்டப்போகுது?”

“ஆமாங்க. நம்ம பொண்ணுதான்.”

“ரோடு ஒரே வளவும் நெளிவுமா கெடக்குன்னாகளே.”

“கெடக்குங்க. ஆனா பாப்பாவுக்கு எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு. எனக்குக் கான்ஃபிடன்ஸ் இருக்கு. பயப்பட ரீசன் இல்ல.”

இருளாயி அம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். புருஷன் மலையைப் பார்த்தார். ஏறுவதற்குக் காலைத் தூக்கியிருந்த ஒரு சித்தப்பா காலை மெல்லக் கீழே வைத்தார்.

சண்முகராஜுக்குப் புரிந்துவிட்டது, சொன்னது பற்றவில்லை. ஊறுகாய் போடுகிறவர் உப்பைக் கூட்டுவதுபோல இன்னும் கொஞ்சம் கூட்டினார். நைன்ட்டி நைன் பர்சன்ட் ரிஸ்க் இல்லை, ஜெனரல் ஒப்பீனியனும் அதுதான், பாசிட்டிவ் ஃபீலிங்தான் வருகிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தக் குடும்பம் ஓரடி பின்னால் போனது. மிச்சம் ஒரு பர்சன்ட் எந்தத் திருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறதோ என்று அவர்களுக்குக் கவலை.

ஜோதிமணி கண்ணாடி வழியாக அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் இருளாயி அம்மாள் தட்டைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு நேரே வந்து நின்றார். “இந்தாருங்கண்ணே, எனக்கு இங்கிலீசு தெரியாது. ஒங்க மகதானே? அது கொண்டுபோயி பத்திரமா சேத்துரும்னு நீங்க நம்புறீகளா, நம்பலையா? வெரசா சொல்லுங்க, முகூர்த்தத்துக்கு நேரமாவுது.”

பக்கத்தில் தைலக்கடை வைத்திருக்கும் அப்துல் குத்தூஸ் பாய் பாட்டில் துடைப்பதை நிறுத்தினார். சண்முகராஜ் குல்லாவைக் கழற்றினார், மாட்டினார். நாக்கை ஒரு தரம் ஈரப்படுத்திக்கொண்டார்.

“நம்புறேன்…”

ஜோதிமணியின் கை சாவிக்குப் போனது.

“…ன்னு ஒரு ஃபீலிங் இருக்கு.”

குத்தூஸ் பாய் தலையில் அடித்துக்கொண்டார். சித்தப்பா, நம்ம பஸ்ஸே பாத்துக்குவோம் என்று பைகளைப் பொறுக்கத் தொடங்கினார். ஜோதிமணி சாவியை விட்டுவிட்டாள்.

மகளின் முகத்தைப் பார்த்தார் சண்முகராஜ். சொல்லத்தான் வரவில்லை, செய்துகாட்டலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. விறுவிறுவென்று சுற்றிவந்து, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நானும் வாரேன். ஏறுங்க எல்லாரும்.”

குடும்பத்துக்குச் சற்றுத் தெம்பு வந்தது. இருளாயி அம்மாள் காலைத் தூக்கினார். அப்போது ஜோதிமணி, ரோட்டைப் பார்த்தபடியே, சத்தம் போடாமல் சொன்னாள்.

“எறங்குங்கப்பா.”

“என்னத்தா?”

“நீங்க கூட ஒக்காந்தா, நம்பலேன்னு அர்த்தம். எறங்குங்க. இல்லாட்டி நான் எறங்கிர்றேன். திங்கக்கெழம பஸ்ஸு இருக்கு.”

இந்த இடத்துக்கு அவரிடம் ஒரு பெயர்ச்சொல்லும் இல்லை. தேடிப் பார்த்தார். பிறகு, இருபது வருஷம் தன்னோடு மலையேறிய வண்டியின் கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்து, இறங்கி, கதவைச் சாத்தினார். சாத்தியதோடு நிற்கவில்லை. சித்தப்பாவின் கையிலிருந்த பைகளை வாங்கித் தானே பின்னால் ஏற்றினார். கூட வந்த குழந்தையைத் தூக்கிக் கொடுத்தார். இருளாயி அம்மாள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் கேட்காமல், அவர் விட்டுவந்த அதே முன்சீட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

ஜீப் கிளம்பி, பெருமாள்மலைப் பக்கம் திரும்பி மறைந்தது.

“என்ன சம்முகராசு, புள்ளயத் தனியா விட்டுட்ட?” குத்தூஸ் பாய் பக்கத்தில் வந்து நின்றார். “கீழ மூடுபனியால்ல கெடக்கு.”

“நம்பித்தான் விட்டிருக்கேன், பாய்” என்றார் சண்முகராஜ்.

சொல்லிவிட்டு, இதை யார் சொன்னது என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அதற்கப்புறம் தைலக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து, யாரோ வாயில் போட்ட சூடான பணியாரத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருப்பவரைப்போல, பொழுது சாயும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப் திரும்பி வந்தது. திங்கட்கிழமை திண்டுக்கல் பஸ் ஜோதிமணி இல்லாமலே போனது. சண்முகராஜ் திருந்திவிட்டார் என்று அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். மகள் எப்படி ஓட்டினாளாம் என்று அன்று சாயங்காலமே புவனா கேட்டாள். கஸ்டமர்கிட்ட நல்ல ரெஸ்பான்ஸ் இருக்கு என்றார்.

சிரிக்கிறீர்கள். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதோ செய்யப்போகிறேன் என்று உங்கள் மனைவியோ தம்பியோ நண்பனோ போன மாதம் வந்து நின்றபோது, நீங்கள் என்ன சொன்னீர்கள்? என் ஃபுல் சப்போர்ட் இருக்கு என்றீர்களா, இல்லை, என்னோட பிளெஸ்ஸிங்ஸ் இருக்கு என்றீர்களா? இல்லவே இல்லை, நான் அந்த வகை கிடையாது என்கிறீர்களா? சரி, சரி, கோபப்படாதீர்கள்.

அப்படியும் ஒரு பாசிபிலிட்டி இருக்கு.