கறுப்பு அட்டை இடாப்பு

"ஓம், எருமை எண்டு ஏசினனான்தான். அதுக்கு இப்ப என்ன?" என்று கேட்டார் இராமநாதன் வாத்தியார்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழுந்துக் கூடையோடு நேரே பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வந்திருந்தாள் பேச்சியம்மா.

"தோட்டத்துல கங்காணி எங்கள மாடுங்கிறாரு. கணக்கப்பிள்ளை கழுதைங்கிறாரு. பள்ளிக்கூடத்துலயாச்சும் எம் மக நல்லம்மாவுக்கு நாங்க வச்ச பேரு இருக்கட்டுங்க" என்றாள்.

தலைமையாசிரியர் மர்சூக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மாஸ்டர், வாற திங்கக்கிழம இன்ஸ்பெக்டர் வாறார். ஒங்கட வேலைய நிரந்தரமாக்குறதும் ஊட்டுக்கு அனுப்புறதும் அவர்ட கையிலதான். இனி ஒரு ஏச்சு என்ட காதுல விழப்படாது."

இராமநாதன் அங்கேயே முடிவெடுத்தார். நல்லூர்க் கந்தன்மேல் ஆணை, இனித் தன் நாக்கில் எந்த மிருகமும் ஏறாது. எடுத்த சபதத்தை விடுகிற ஆளில்லை அவர். வினையே அந்தப் பிடிவாதத்தில்தான் வந்தது.

வகுப்புக்குப் போய் முதல் வேலையாக வரவு இடாப்பைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "ஹபீல், எழும்பு."

ஹபீல் திரும்பிப் பின்வரிசை வாங்கைப் பார்த்தான். எட்டு மாதமாக 'மரமண்டை' என்றே கேட்டுப் பழகியவன், அவர் வேறு யாரையோ அழைக்கிறார் என்று நினைத்தான். பஸீஹாவைக் கூப்பிட்டால் அவள் அழவே தொடங்கிவிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிடுமளவுக்கு என்ன குற்றம் செய்துவிட்டோமோ என்று அவளுக்குப் பயம்.

சரி, பேசவே வேண்டாம் என்று ஏச்சுகளை விழுங்கிப் பார்த்தார். இரண்டே நாளில் மண்டை இடிக்கத் தொடங்கியது. எங்கேயாவது இறக்கி வைக்காமல் தீராது என்று இடாப்பைப் போலவே கறுப்பு அட்டை போட்ட ஒரு கொப்பி வாங்கி, வாயில் வந்ததை எல்லாம் அதில் எழுதினார். ஆளுக்கொரு வரி. முன்வரிசை வாங்கில் இருந்த நல்லம்மா அதைத் தலைகீழாகவே வாசித்து வகுப்பு முழுவதற்கும் ஒப்பித்தாள். வாசிக்கப் பழக்கியவரும் அவர்தானே.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதனும் போயிற்று. பிள்ளைகள் மூன்று நாளும் வெளுத்த உடுப்போடு காத்திருந்து வாடிப்போனார்கள். புதன் பின்னேரம் இராமநாதன் வெறிச்சோடிய வாசலைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கொப்பியில் கடைசி வரியை எழுதினார்.

வியாழன் காலை ஒரு ரிக்‌ஷாவில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். நியாயம் கேட்கப் பேச்சியம்மாவும் வகுப்பு வாசலில் நின்றாள்.

"முதல்ல இடாப்புக் கூப்பிடுவம்" என்று மேசையில் கிடந்த கறுப்பு அட்டையை எடுத்தார் இன்ஸ்பெக்டர்.

"ஐயா, இடாப்பு இஞ்ச கிடக்கு!" என்று இராமநாதன் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் மைக்கூடு உண்மையான இடாப்பின்மேல் கவிழ்ந்தது.

"பறவாயில்லை, இது காணும், மற்றது வேண்டாம்." கொப்பியைத் திறந்த இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்கினார். "மரமண்டை?"

"உள்ளேன் ஐயா!" ஹபீல் துள்ளி எழுந்தான்.

"அழுமூஞ்சி?"

"உள்ளேன் ஐயா!" என்றாள் பஸீஹா.

"எருமை?"

"உள்ளேன் ஐயா!" என்றாள் நல்லம்மா.

பேச்சியம்மா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். "இந்தப் பேருதாங்கய்யா வேணாங்கிறேன்."

இன்ஸ்பெக்டரோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இதுக்கோ முறைப்பாடு? ஒரு பிள்ளையெண்டாலும் கோவிச்சுதோ, பார்! வாத்தியார் ஏசாமல் வேற ஆர் ஏசுறது? வெறும் சொல்லு ஆரைச் சுடும்?"

சொல்லிக்கொண்டே நிரந்தர நியமனத் தாளை விரித்துப் பேனையைத் திறந்தார். பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொறுங்கோ, இன்னும் ஒராள் கிடக்கு" என்று கொப்பியை மறுபடி பார்த்தார். "தடிமாடு?"

யாரும் எழும்பவில்லை.

"தடிமாடு! வரயில்லையோ?"

இராமநாதன் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

நல்லம்மா பணிவாகக் கையை உயர்த்தினாள். "மூணு நாளா வரலீங்க ஐயா. இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க."