தோட்டம் இல்லாதவரின் ஷெட்

"தோட்டம் எந்தப் பக்கம் இருக்குதுங்க?" என்று ஆரோக்கியசெல்வி கேட்டதும் தென்னரசு விழித்தார்.

அவருக்குத் தோட்டமே கிடையாது. திண்டிவனத்தில் ஒரு கல்லூரி நூலகர். மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். அங்கே ஒரு பூந்தொட்டிகூட இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாமலே நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டவர். ஐப்பசியில் ஏதோ வேலையாக விழுப்புரம் வந்தபோது, மழைக்கு அந்தக் கூரை ஷீட் கடையில் ஒதுங்கினார். கணவர் இறந்தபின் கடையைத் தனியாகப் பார்த்துக்கொண்ட ஆரோக்கியசெல்வி, என்ன வேண்டும் என்று சிரித்தபடி கேட்டார். மழை விட்டிருந்தது, தென்னரசுவுக்குத்தான் கிளம்ப மனமில்லை. சுவரில் மாட்டியிருந்த விளம்பரப் படத்தைப் பார்த்து, தோட்டத்தில் வைக்க ஒரு ஷெட் வேண்டும், அதற்குப் பராமரிப்பே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"மரக்காணம் பக்கங்க" என்றார் இப்போது, வாய்க்கு வந்த ஊரை.

ஆரோக்கியசெல்வியின் முகம் தீவிரமானது. கடல் காற்றுக்குச் சாதா இரும்புத் தகடு தாங்காது, வருடா வருடம் பெயின்ட் அடிக்க வேண்டும். மரம் வைத்தால் கரையான். யோசித்து வைக்கிறேன், அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்றார். தென்னரசு விசிலடித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

அடுத்த சனிக்கிழமை ஃபைபர் ஷீட் தயாராக இருந்தது. சரி என்று சொன்னால் கதை அன்றோடு முடிந்துவிடும். அதனால் தென்னரசு, தோட்டத்தில் குரங்குத் தொல்லை என்றார். குதித்தால் ஃபைபர் உடைந்துவிடும் என்று ஆரோக்கியசெல்வி அதையும் ஒதுக்கினார். அதற்கடுத்த வாரம் சிமென்ட் ஷீட். மரநிழலே கிடையாது, உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும் என்றார் தென்னரசு. பிளாஸ்டிக் பலகைக்கு, மழை வந்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்றார். பங்குனி பிறப்பதற்குள் அந்தத் தோட்டத்துக்கு வராத கஷ்டமே இல்லை.

"இந்த மாதிரி எடத்த நேர்ல பாக்காம நான் எதையும் சொல்லமாட்டேங்க" என்றார் ஆரோக்கியசெல்வி. "ஞாயித்துக்கெழம வர்றேன்."

தென்னரசு கல்லூரி கிளார்க் ஜெகதீசனிடம் ஓடினார். ஜெகதீசனுக்குக் கண்டமங்கலத்தில் நிலமும் வீட்டுக்குப் பின்னால் தோட்டமும் உண்டு. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, தோட்டத்தைத் தாராளமாகக் காட்டுங்கள் என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மல்லாட்டை மூட்டையும் ஸ்பிரேயரும் வெளியில வெயில்லயும் பனியிலயும் கெடக்குது சார். அந்த ஷெட்ட நெஜமாவே கட்டிக் குடுத்துடுங்க."

தென்னரசு சொல்லியனுப்பிய கண்டமங்கலம் விலாசத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியசெல்வி வந்தார். மாமர நிழலில் தோட்டம் குளுகுளுவென்று இருந்தது. மேட்டு நிலம், தண்ணீர் நிற்க வழியே இல்லை. கடலின் வாசனைகூட அங்கே வராது. அவர் சுற்றிலும் நிதானமாகப் பார்த்தார்.

"குரங்குங்க இன்னிக்கி லீவுங்களா?"

தென்னரசு மாமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியசெல்வி வேறெதுவும் கேட்கவில்லை. டேப்பை எடுத்து அளந்தார். தரையை மேடாக்கி சிமென்ட் தளம், ஹாலோ பிளாக் சுவர், துருப்பிடிக்காத பூச்சுள்ள தகட்டுக் கூரை, காற்றுப் போக மேலே இடைவெளி, செல்லரிக்காத பி.வி.சி. கதவு என்று கூட வந்த மேஸ்திரியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஷெட் மளமளவென்று எழும்பியது. ஜெகதீசன் ஊரையே கூட்டிவந்து காட்டினார்.

கதவு மாட்டிய அன்றுதான் தென்னரசுவுக்கு உறைத்தது. பெயின்ட் வேண்டாம், பழுது வராது, பல வருடத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். இனி அந்தக் கடைப் படியேற ஒரு காரணமும் இல்லை. நிலக்கடலை மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஜெகதீசன் அந்தப் பக்கம் நகர்ந்ததும் தென்னரசு சொல்லிவிட்டார்.

"எனக்குத் தோட்டமே இல்லீங்க. உங்களப் பாக்கத்தான் வந்துக்கினு இருந்தேன். உங்களுக்குச் சம்மதம்னா கல்யாணம் பண்ணிக்கலாம்."

ஆரோக்கியசெல்வி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சனிக்கிழமை கடைக்கு வாருங்கள், பதில் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமைவரை யாரால் பொறுக்க முடியும்? புதன்கிழமையே அரைநாள் லீவு போட்டுவிட்டு, புதுச் சட்டையில் விழுப்புரத்துக்குப் போனார். கல்லாவில் கலீல் ரஹ்மான் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமைகளில் பின்னால் நின்று ஷீட் வெட்டிக்கொண்டிருப்பவர். தென்னரசு அவரைக் கடையில் வேலை பார்ப்பவர் என்றே நினைத்திருந்தார். ஓனரம்மா எங்கே என்று கேட்டார்.

"ஓனரு நான்தான் சார்" என்றார் கலீல் ரஹ்மான். "அக்கா தையிலயே கடைய எனக்கு வித்துட்டு செஞ்சிக்குப் போயிட்டாங்க; சனிக்கெழம மட்டும் பஸ்ஸு புடிச்சி வந்து, 'ஷெட்டுக்காரரு வர்ற நேரம், கொஞ்சம் எழுந்துரு தம்பி'ன்னு என்னக் கெளப்பிட்டு இங்க உக்காந்துக்கறாங்க."