ஏழையைத் தேடிய சேவலார்

ரொறன்ரோவில் பணக்காரரைத் தேடித் திரிகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏழை ஒருவரும் அகப்படவில்லையே என்று பசியோடு, கண் கலங்கி, சேவல் வேஷத்தில் கட்டட வாசல் லொபியில் நின்ற ஒரே மனிதர் எங்கள் சேவலார்தான். அவரைப்போல இன்னொருவர் இந்த நாட்டில் இருந்தால் தயவுசெய்து அறியத் தரவும். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நிற்கவிட்டுப் பார்க்க எனக்கு ஆசை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். பக்கத்து வீட்டு மணி அக்காதான், "நீ எழுதாட்டி நான் எழுதுவன். நான் எழுதினால் கூட்டித்தான் எழுதுவன்" என்று பயமுறுத்தினார். கூட்டாமல் எழுதவேண்டும் என்றுதான் நான் பேனா எடுத்தேன். ஆனால் சேவலாரைப் பற்றிக் கூட்டாமல் எழுதினாலும் கூட்டினது போலத்தான் இருக்கும்.

டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் கட்டடத்தில் என் தலைக்கு நேர் மேலே அவர் வீடு. அவர் யூதர். மனைவி இறந்தபிறகு தனியே இருந்தார். முந்தி ஒரு சின்னக் கோட்டுத் தையற்சாலை வைத்திருந்தாராம். அங்கே தைத்தவர்கள் முக்கால்வாசியும் எங்கள் யாழ்ப்பாணப் பெண்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டே தமிழ் பிடித்துவிட்டார். ஒருவரையொருவர் அவர்கள் அக்கா என்று கூப்பிட்டதால், தமிழ்ப் பெண் என்றால் அக்காதான் என்று அவருக்குப் பதிந்துவிட்டது. எண்பதைத் தாண்டிய மனிதர் என்னையும் அக்கா, மணி அக்காவையும் அக்கா, லிப்றில் வருகிற சின்னப் பெட்டையையும் அக்கா என்பார்.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிய வந்தது. முதலில் தெரிய வந்தது சத்தம்தான்.

ஒரு பங்குனி மாதக் காலை. என் கூரைக்கு மேல் யாரோ மா இடிப்பது போல் தட தட என்று கேட்டது. நின்றது. பிறகும் தட தட. நான் கூச்சத்தில் பேசாமல் இருந்தேன். மணி அக்கா இருப்பாரா? "வாடி, ஒரு கை பாப்பம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறினார். கதவைத் தட்டினார். கதவு திறந்தது.

உள்ளே ஒரு சேவல் நின்றது. ஆள் உயரச் சேவல். மஞ்சள் கால், சிவப்புக் கொண்டை, சொண்டுக்குக் கீழே நரைத்த தாடி.

"ஐயோ முருகா!" என்றார் மணி அக்கா.

"வாங்கோ அக்கா. என்ன பிரச்சினை?" என்றது சேவல்.

கொண்டையைக் கண்டு பயந்ததைவிட அது தமிழ் கதைத்ததைக் கேட்டுத்தான் தான் கூடப் பயந்ததாக மணி அக்கா இன்றைக்கும் சொல்லுவார்.

அன்றைக்குப் பூரிம் என்ற பண்டிகையாம். முன்னொரு காலத்தில் ஒரு கெட்ட மந்திரி யூதர்களை எல்லாம் அழிக்கப் பார்த்தானாம். அவர்களுடைய குலத்தில் பிறந்த அரசி ஒருத்தி அவர்களைக் காப்பாற்றினாளாம். அந்தக் கதையை ஏட்டில் பார்த்துப் படிக்கவேண்டும், வேஷம் போடலாம், சந்தோஷமாக இருக்கவேண்டும். படிக்கும்போது மந்திரியின் பெயர் வந்தால் அது காதில் விழாதபடி சத்தம் போடவேண்டும்.

"அதுக்குத்தான் காலால மிதிக்கிறன்."

"ஒருக்கா மிதிச்சால் காணாதோ?"

"காணாது அக்கா. அவன் அவ்வளவு கெட்டவன்."

மணி அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப எங்கட ஆக்கள் ரெண்டு மூண்டு பேரின்ர பேரையும் சேத்து வாசியுங்கோ. நானும் வந்து மிதிக்கிறன்."

அன்றிலிருந்து அவருக்குச் சேவலார் என்று பெயர். உண்மைப் பெயரை லொபியில் தபால் பெட்டியில் ஒட்டியிருந்தார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை.

அன்று பின்னேரம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு தட்டு நிறைய மூன்று மூலைப் பணியாரம் வந்தது. வினை அங்கேதான் தொடங்கியது. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லையே. மணி அக்கா உழுந்து வடை சுட்டு நிரப்பிக் கொண்டுபோனார். சேவலார் வடையைப் பார்த்தார், மணி அக்காவைப் பார்த்தார், பிறகும் வடையைப் பார்த்தார்.

"கோவிக்காதேங்கோ அக்கா. உங்கட சட்டியில சமைச்சது நான் சாப்பிடேலாது. எங்கட சமயத்தில அப்பிடி. தோலோட இருக்கிற பழம் எண்டால் சாப்பிடுவன்."

படி இறங்கும்போது மணி அக்காவுக்கு மூக்கு விடைத்தது. "எங்கட சமையல் வேண்டாமாம்! என்ன, சாதி பாக்கிறாரோ?"

ஊரில் மற்றச் சாதியார் வீட்டுப் படலைக்குள் போனால் தண்ணீரும் குடிக்காமல் திரும்பி வந்த பரம்பரை மணி அக்காவுடையது. அது அவருக்கே நினைவு வந்ததோ என்னவோ, பாதிப் படியில் நின்றார். "நல்லா வேணும் எங்களுக்கு" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கியவர், வீட்டுக் கதவு திறக்கும்வரை சிரித்தார்.

ஆனாலும் விடவில்லை. "தோலோட எல்லோ கேட்டவர்" என்று ஒரு முழுத் தேங்காயைக் கொடுத்தனுப்பினார். சேவலார் தேங்காய் உடைத்து அறியாதவர். பல்கனிக்குக் கொண்டுபோய், கோட்டு மினுக்குகிற பெரிய இஸ்திரிப் பெட்டியால் ஓங்கி ஒரு அடி. தேங்காய் பறந்து, கீழே குப்பைத் தொட்டியின் இரும்பு மூடியில் வெடித்தது. கட்டடத்தைப் பார்க்கிற சுப்பர், குண்டு விழுந்தது என்று ஓடி வந்தார். அவருக்கு முன்னால் சேவலார் செருப்போடு பனிக்குள் இறங்கி, இரண்டு பாதியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் பல்கனியைப் பார்த்துக் கத்தினார்: "அக்கா! உடைஞ்சிட்டுது!"

கொடுப்பதில் அவருக்கு ஒரு விசர். அவர் வீட்டில் எதையும் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்லக்கூடாது. மணி அக்கா தெரியாமல் ஒருநாள் அவருடைய மேசை விளக்கைப் பார்த்து, "வடிவான விளக்கு" என்றுவிட்டார். சொல்லி வாய் மூடவில்லை, மனிதர் வயரைப் பிடுங்கிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் இருட்டில் நின்றோம். "கொண்டு போங்கோ அக்கா" என்று இருட்டுக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

இனி, அவர் லொபியில் நின்ற அந்தப் பனி நாளுக்கு வருகிறேன்.

பூரிம் நாளில் பொழுது படமுன்னம் ஏழைகள் இரண்டு பேருக்காவது கொடுக்கவேண்டும் என்பது அவர்களுடைய கட்டளை. ஒவ்வொரு வருடமும் மகன் வந்து காரில் ஏற்றிப்போவார். நகரத்துத் தெருவோரம் கஷ்டப்படுகிற ஆட்களுக்குச் சேவலார் தன் கையாலேயே சாப்பாட்டுப் பை கொடுத்துவிட்டு வருவார். அந்த வருடம் விடியமுன்னமே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. கார் இல்லை, பஸ் இல்லை. மகன் வர முடியாது என்று போன் பண்ணிவிட்டார். சேவலார் சேவல் உடுப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு பெரிய பையோடு லொபியில் வந்து நின்றார். வருகிற போகிற ஆட்களை எல்லாம் மறித்தார்.

"தம்பி, நீர் ஏழையோ?"

"நோ, நோ அங்கிள்! எனக்குக் கார் இருக்கு!" என்றான் ஒரு பெடியன். அவனுடைய கார் எந்தப் பனிக் குவியலுக்குள் கிடக்கிறது என்று அவனுக்கே தெரியாது.

மணி அக்காவிடமும் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"ஆர், நானோ? ஏழையோ? ஊரில எனக்குப் பத்துப் பரப்புக் காணி, ரெண்டு கிணறு! மகளுக்கு றிச்மண்ட் ஹில்லில வீடு. அந்த வீட்டுப் பேஸ்மென்ரே என்ர அப்பற்ர வீட்டைவிடப் பெரிசு!"

"அப்ப வேற ஆரும் ஏழை தெரியுமோ அக்கா?"

"இந்தக் கட்டடத்தில ஏழை இல்லை! எல்லாம் மரியாதையான ஆக்கள்!"

மத்தியானத்துக்குப் பிறகு, சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற ஒரு மாணவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பனி மனிதன்போல் உள்ளே வந்தான். கேள்வி முடியமுன்னமே, "ஓம், நான் ஏழைதான்" என்று சிரித்துக்கொண்டு ஒரு பையை வாங்கிக்கொண்டான். சேவலார் செட்டையை அடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு ஏழை கிடைத்தாயிற்று. இன்னொரு ஏழை வேண்டும்.

நான் உடுப்புத் தோய்க்கக் கூடையோடு இறங்கியபோது பின்னேரமாகிவிட்டது. சேவலார் தபால் பெட்டிகளில் சாய்ந்து நின்றார். முதல் நாள் அவர்களுக்கு உபவாசம். இரவு கொஞ்சம் பாண் சாப்பிட்டதோடு சரி.

"போய்ச் சாப்பிடுங்கோ. சாப்பிட்டிட்டு வந்து தேடுங்கோவன்" என்றார் மணி அக்கா. கோபம் ஆறி அவரும் பக்கத்தில்தான் நின்றார்.

"ஏலாது அக்கா. முதல் ஏழை. பிறகு சிநேகிதர், அவைக்குக் கொஞ்சம் காணும். கடைசிதான் என்ர மேசை. என்ர மேசையில குறைஞ்சாலும் ஏழையின்ர பையில குறையக் கூடாது. அவையின்ர முகம் சிரிக்காமல் நான் சாப்பிட்டால், அது வயித்துக்குப் பெருநாள். எனக்கில்லை."

"போனில காசு அனுப்பலாமே?"

"போனில முகம் தெரியாதே."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அந்த மனிதரின் கண்ணில் நீர் நின்றது. சேவல் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ரெக்ஸ்டேலில் இருக்கிற என் மகனுக்கு வேலை போய்ச் சில மாதமாகியிருந்தது. எனக்கு வருகிற பணம் வாடகையோடு முடிந்துவிடும். அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏன் கறி வைக்கவில்லை என்று மணி அக்கா கேட்டால், விரதம் என்பேன். வெள்ளிக்கிழமை விரதம், செவ்வாய்க்கிழமை விரதம், கார்த்திகை விரதம், சதுர்த்தி விரதம். பஞ்சாங்கத்தில் நாள் முடிந்தபிறகு நானே புது விரதம் கண்டுபிடித்தேன். "உன்னைப்போலப் பக்தி எனக்கு வராதடி" என்று மணி அக்கா என்னைக் கும்பிடாத குறை.

கூடையை நிலத்தில் வைத்தேன்.

"ஐயா... நான் ஏழை."

மணி அக்காதான் முதலில், "விசர்க் கதை கதையாதை!" என்றார்.

சேவலார் தலையை ஆட்டினார். கொண்டையும் ஆடியது. "எனக்காண்டிப் பொய் சொல்லாதேங்கோ அக்கா. இரக்கத்தில ஏழையாக ஏலாது. உண்மையான ஏழை வேணும்."

இதைவிட ஒரு சோதனை உண்டா? வாழ்நாளில் முதல் தடவை ஏழை என்று வாய் விட்டுச் சொன்னால், அதற்கும் சாட்சி வேண்டுமாம்! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்பாட்டி வந்து என்ர பிரிஜ்ஜைத் திறந்து பாருங்கோ!"

மூன்று பேரும் லிப்றில் ஏறினோம். வீட்டுக்குள் போய் பிரிஜ்ஜைத் திறந்தேன். ஒரு போத்தல் தண்ணீர், முட்டைக்கோவாவில் ஒரு கால்வாசி, ஊறுகாய்ப் போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய். லைற் மட்டும் நன்றாக எரிந்தது.

"ஏழை!" என்று சேவலார் செட்டையைத் தட்டினார். "உண்மையான ஏழை!" தட்டின கை அந்தரத்தில் நின்றது. அவருடைய முகம் கொண்டையைவிடச் சிவந்துபோனது. "மன்னியுங்கோ அக்கா... நான்... சந்தோஷத்தில..."

அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் சிரிக்க அவரும் சிரித்தார். பையை இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். உள்ளே பின்னல் பாண், ரின் மீன், உருளைக்கிழங்கு, தோடம்பழம், தேயிலை. பை கனத்தது. அவர் குனிந்து, "நன்றி அக்கா" என்றார்.

"குடுத்த ஆள் என்னத்துக்கு நன்றி சொல்லுறார்?" என்றார் மணி அக்கா.

"நீங்கள் முதல் சாப்பிடுங்கோ" என்று நான் கதிரையை இழுத்துப் போட்டேன். சேவலார் அதில் தொப்பென்று இருந்து, செட்டைக்குள் இருந்த சட்டைப் பையில் கைவிட்டு ஒரு அவித்த முட்டையை எடுத்தார். உரித்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கடித்தார்.

"எடியே, சேவல் முட்டை சாப்பிடுதடி!" என்றார் மணி அக்கா.

அந்தச் சிரிப்பு மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். வெளியே பொழுது படச் சரியாக இருந்தது. அவர் மேலே போய்த் தன் மேசையில் ஆறுதலாகச் சாப்பிட்டார்.

அவர் போனபிறகு மணி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "விரதமாம் விரதம்! நான் உன்னை நாயன்மாருக்குப் பக்கத்தில வைச்சிருந்தனடி!" என்று திட்டித் திட்டி அழுதார். அடுத்த நாள் தொடக்கம் கறிச் சட்டியோடு வந்தார். ஒரு அலுவலகத்துக்கும் கையில் பிடித்துக் கூட்டிப்போனார். எனக்கு வரவேண்டிய முதியோர் உதவியில் ஒரு பங்கு இத்தனை நாளும் வராமல் கிடந்ததை அங்கே சரிப்படுத்தித் தந்தார்கள். பிறகு மகனுக்கும் வேலை கிடைத்தது. அன்றைக்கு அந்தச் சொல் வாயிலிருந்து வராமல் போயிருந்தால், இன்றைக்கும் நான் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

சேவலார் இப்போது மகனுடைய வீட்டில். இந்த வருடம் பூரிமுக்கு முதல் நாள் போன் பண்ணினார். நிறைய நேரம் இழுத்தார்.

"அக்கா, சங்கடமான கேள்வி. இந்த முறையும் ஏழையா இருக்கிறியளோ?"

"இல்லை ஐயா. இப்ப பரவாயில்லை."

"கடவுளுக்கு நன்றி!" என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "ஆனா நான் வேற ஆள் தேடவேணும்."

அடுத்த நாள் அவருடைய மகன் ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தார். மணி அக்கா அதை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"என்னடி, முந்தித் தந்த பையில கால்வாசியும் இல்லை?"

"சிநேகிதருக்கு அவர் அவ்வளவுதான் குடுக்கிறவர்" என்றேன்.

சொன்னபிறகுதான் எனக்கே விளங்கியது. அந்தச் சின்னப் பெட்டியைத் திறக்க மனம் வராமல், மடியில் வைத்துக்கொண்டு அன்று பொழுது படும்வரை இருந்தேன்.