இந்த மணி சனிக்கிழமை இருந்ததா?

“அண்ணே, இந்த மணி சனிக்கிழமை இருந்துச்சா?”

கம்ப்யூட்டர் திரையின் வலது மூலையைக் கையால் தொட மனமில்லாமல், பேனாவின் பின்பக்கத்தால் காட்டினாள் பதிவக்கா. அங்கே பட்டாணி அளவில் ஒரு மணியின் படம் இருந்தது.

மருந்து எடுத்துக் கொடுக்கும் அண்ணன் எக்கிப் பார்த்தார். “எந்த மணி?”

“இதோ. ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கு பாருங்க.”

“நான் பார்த்த ஞாபகம் இல்லையேம்மா.”

“அப்ப வந்துடுச்சு” என்றாள் பதிவக்கா.

நாய், பூனை, கிளிகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாகப் பதிவு மேசை அவளுடையது. அவளுடைய சொந்தப் பெயரே பலருக்கு மறந்துவிட்டது. போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமை முதல் எல்லாக் கிளைகளிலும் கம்ப்யூட்டருக்குப் புதிய இயங்குதளம், திரையின் தோற்றம் அடியோடு மாறும், பதிவு உட்படப் பல வேலைகளை அதுவே பார்த்துக்கொள்ளும், ஊழியர்கள் ஒத்துழைக்க வேண்டும்.

கடிதத்தை ஒரு தடவையும், ‘அதுவே பார்த்துக்கொள்ளும்’ என்ற இடத்தை மட்டும் ஏழு தடவையும் படித்தாள் பதிவக்கா.

“அது பார்த்துக்கிச்சுன்னா, நான் எதைப் பார்க்கிறதாம்?”

இன்று அந்தத் திங்கட்கிழமை. மருந்தண்ணன் திரையை உற்றுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“எழுத்தையெல்லாம் பொடிசாக்கிட்டாங்க. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

“உங்க கண்ணாடி நெத்தியில இருக்கு.”

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அப்புறம் முகம் மாறியது. “இப்பப் பெருசாயிடுச்சு. நான் கண்ணாடி போட்டது அதுக்கு எப்படித் தெரியும்?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதிவக்கா கட்டுப் போடும் பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி, திரையின் கீழ் விளிம்பில் மினுங்கிக்கொண்டிருந்த புள்ளியின் மேல் ஒட்டினாள்.

“கண்ணைக் கட்டியாச்சு. இனி பேசலாம்.”

மணியை என்ன செய்வது என்று யோசித்தார்கள். தொடாமல் விடுவதுதான் நல்லது என்றார் மருந்தண்ணன். பதிவக்கா அதற்குள் அமுக்கிவிட்டாள். ஒரு நீளப் பட்டியல் சரிந்து இறங்கியது. தலையில் ‘படிக்காதவை 212’ என்று இருந்தது.

“இருநூத்திப் பன்னிரண்டு! காலையில எட்டரைக்குத்தான் வந்தேன். அதுக்குள்ள என்னைப் பத்தி இத்தனை குறிப்பு எழுதியிருக்கு!”

“படிச்சுப் பார்க்கலாமே.”

“படிச்சா, ‘படிச்சாள்’னு அதையும் ஒரு குறிப்பா எழுதும்.”

‘அனைத்தையும் நீக்கு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினாள். ‘நிச்சயமாகவா?’ என்று திரை கேட்டது.

“என்கிட்டயே கேக்குது பாருங்க, என்ன தைரியம்!” என்று இன்னும் அழுத்தமாக ஒரு அமுக்கு அமுக்கினாள்.

எல்லாம் போயிற்று. அன்றைக்கு எந்தப் பிராணி எத்தனை மணிக்கு வரும் என்ற நினைவூட்டல்களும் அதோடு போயின.

வாசலில் அதற்குள் ஆறு பேர் வந்துவிட்டார்கள். பதிவக்கா போன பட்டியலைத் திரும்ப வரவழைக்க அங்கே இங்கே அமுக்கினாள். ஒரு பட்டியல் வந்தது. ஆனால் நேர வரிசையில் இல்லாமல் பிராணிகளின் பெயர் வரிசையில் வந்தது. மருந்தண்ணன், “தள்ளு, எனக்கு ஒரு வழி தெரியும்” என்று உள்ளே புகுந்து, மூன்று விசைகளைச் சேர்த்து ஒரே அமுக்காக அமுக்கினார். மொத்தத் திரையும் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

“என்னண்ணே பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலைம்மா. கோவிச்சுக்கிச்சு.”

எவ்வளவு தட்டியும் எழவில்லை. கடைசியில் மானிட்டரையே பக்கவாட்டில் படுக்க வைத்து, நாய் உணவு டப்பா ஒன்றை முட்டுக் கொடுத்தார்கள். பட்டியல் நேரானது. ஆனால் மவுஸையும் அதே மாதிரி பக்கவாட்டில் திருப்பி வைத்ததால், மேலே தள்ளினால் அம்பு இடப்பக்கம் ஓடியது. பதிவக்கா ஒரு பெயரை அமுக்கப் போனால் அடுத்த பெயர் திறந்தது.

அப்படித்தான் வாசலில் காத்திருந்த தையல்காரரின் செல்லத்தைப் பதிந்தாள். பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு ‘செல்லம்’ இருந்தன.

பத்து நிமிஷம் கழித்து உள்ளறையிலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. “பதிவக்கா! இங்க கொஞ்சம் வாங்க!”

கையில் சீட்டோடு நின்றார் டாக்டரம்மா. எதிரே கூண்டைக் கட்டிக்கொண்டு தையல்காரர். கூண்டுக்குள் கிளி.

“செல்லம், பதினெட்டு கிலோ, கருத்தடை ஆபரேஷன்னு போட்டிருக்கு” என்றார் டாக்டரம்மா. “பதினெட்டு கிலோ கிளி எங்கே?”

“நகம் வெட்டத்தாங்க கூட்டிட்டு வந்தேன்” என்று தையல்காரர் அழாத குறையாகச் சொன்னார். “இவன் ஆம்பளைங்க.”

பதினெட்டுக் கிலோ செல்லம் வெளியே பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தாள். அவள் கையிலிருந்த சீட்டின்படி, அதாவது அவளுடைய சொந்தக்காரரான நீச்சல் பயிற்சியாளர் கையிலிருந்த சீட்டின்படி, அவளுக்கு அலகு பார்த்து நகம் வெட்ட வேண்டும்.

“பத்தொன்பது வருஷத்துல ஒரு தப்பு உங்க கையால நடந்ததில்லை” என்றார் டாக்டரம்மா. “இது அந்தப் புது சனியனோட வேலை. எனக்கும் காலையிலேருந்து எக்ஸ்ரே படம் எல்லாம் ஒரு மாதிரி நீலம் அடிக்குது. எழுதுங்க புகார். இதை எடுக்காட்டி நான் கதவைச் சாத்திடுவேன்.”

புகார் எழுதப்பட்டது. ஒருவர் தொடங்கியதும் எல்லோருக்கும் குறைகள் நினைவுக்கு வந்தன. திரையைப் பார்த்தாலே கண் எரிகிறது. பிரிண்டர் முன்னைவிட முனகுகிறது. நீச்சல் பயிற்சியாளர், “சனிக்கிழமை வரைக்கும் எங்க செல்லம் இந்த கம்ப்யூட்டரைப் பார்த்துக் குரைச்சதே இல்லை” என்று கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை அவர் வந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. தையல்காரர் கூண்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையெழுத்துப் போட்டார், ஒன்று கிளிக்காக.

வியாழக்கிழமை மத்தியானம் தலைமை அலுவலகத்திலிருந்து கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்மணி வந்தார். தோளில் பை, கையில் ஹெல்மெட். பதிவக்காவின் வயதுதான் இருக்கும். படுத்துக் கிடந்த மானிட்டரையும் டப்பாவையும் பிளாஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

மருந்தண்ணன் மெல்லப் பின்வாங்கி மருந்து அலமாரிக்குள் எதையோ தேடத் தொடங்கினார். பதிவக்கா மூன்று பக்கப் புகாரை நீட்டினாள்.

வந்தவர் நின்றபடியே முழுக்கப் படித்தார். கிளியின் கையெழுத்தில் கொஞ்சம் தயங்கி, மேலே படித்தார்.

பதிவக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“நீங்களும் என்னை மாதிரி வேலைக்கு வந்தவங்க. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நாலு நாளா எனக்குத் தூக்கம் இல்லை. எந்த நாய் கடிக்கும், எந்த நாய் கடிக்கிற மாதிரி நடிக்கும்னு எனக்குத் தெரியும். இந்த மணிக்குத் தெரியுமா? நான் வேண்டாம்னா நேரா சொல்லிடச் சொல்லுங்க, எழுந்து போயிடறேன். அதுக்காக எழுத்தை மாத்தி, நிறத்தை மாத்தி, கிளிக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாதவளா என்னை ஆக்கணுமா? எங்களுக்கு அந்தப் பழசு போதும். தயவுசெஞ்சு பழசையே போட்டுக் குடுத்துட்டுப் போங்க.”

அந்தப் பெண்மணி மூன்று விசைகளை அழுத்தினார். திரை எழுந்து நின்றது. மானிட்டரை நிமிர்த்தி வைத்தார். திரையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் பதிவக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அக்கா, புதுசு இன்னும் எந்தக் கிளையிலயும் போடவே இல்லை, ஒரு மாசம் தள்ளிப் போயிருக்குன்னு சொல்லிட்டுப் போகத்தான் நான் வந்தேன்.”